பூப்புப் பருவமும் நம் மக்களின் வளர்ச்சியும்

(கோட்டாற்றில் கூடிய நம் சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி, கலியாணச் செலவு, ஏழை மாணவர்க்குப் பொருளுதவி முதலியவற்றைப் பற்றி நம் சங்கம் பலமுறை பேசியும் எழுதியும் வந்துள்ளது. யான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினின்றும் சற்று வேறானது. எனினும் நம் வீடுகளில் நாள்தோறும் பேசப்படுவதே. பிள்ளைகள் எவ்வாறு வளர்கின்றனர்? ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் ஏன் ஒரே வகையாக வளர்வதில்லை? பருவம் எய்துதல் அவ்வளர்ச்சியை எங்ஙனம் மாற்றுகின்றது? இம்மூன்றனையும் என்னால் இயன்ற அளவு எளிதாக எடுத்துரைக்க விழைகின்றேன். பூப்பு என்னும் சொல்லைப் பொது அவையிற் கூறுதற்கு நாணவேண்டுவதில்லை. அது தொல்காப்பியத்திலேயே இடம்பெற்ற சொல். நம் முன்னோர் நாணாது எழுதியதனை நாம் நாணாது கேட்கலாம்.

ஒரு வீட்டை மனத்திற் கொள்ளுங்கள். அண்ணனுக்கு வயது 13, தங்கைக்கு 11. இரண்டாண்டுக்கு முன் அண்ணனினும் சற்றுக் குட்டையாக நின்ற தங்கை இன்று அவனை முந்திவிட்டாள். பாட்டி இருவரையும் சுவரோரம் நிறுத்திப் பார்க்கின்றாள். "பெண்ணை இப்படி வளரவிட்டால் மாப்பிள்ளைக்கு எங்கே போவது?" என்று ஒரு கவலை, "பையனுக்கு ஏதோ குறை இருக்கிறது, நல்ல டானிக்காகப் பார்த்து வாங்கிக் கொடு" என்று மற்றொரு கவலை. தங்கைக்கு இரண்டாவது முறை சோறு வைப்பதில் ஒரு தயக்கமும், அண்ணனுக்கு விளம்பரத்திற் கண்ட மாவும் அன்றே தொடங்குகின்றன. இவ்விரு கவலைகளும் பொருளற்றவை என்பதனையும், உண்மையிற் கவலைகொள்ள வேண்டியது வேறொன்று என்பதனையும் காட்டுவதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

வளர்ச்சி ஹார்மோன்

மூளையின் அடியில், எலும்பாலாகிய சிறு குழியொன்றில், பட்டாணி அளவான ஒரு சுரப்பி உள்ளது. பிட்யூட்டரி என்பது அதன் பெயர். கபச்சுரப்பி என்றும் கூறுவர். அதன் எடை அரைக் கிராம் அளவே. அது சுரக்கும் பல ஹார்மோன்களுள் ஒன்று வளர்ச்சி ஹார்மோன். இது குருதியிற் கலந்து கல்லீரலை அடைந்து, இன்சுலினை ஒத்த மற்றொரு வளர்ச்சிப் பொருளை அங்கே உண்டாக்குகின்றது. இவ்விரண்டும் சேர்ந்து கை கால் எலும்புகளின் முனையிலுள்ள குருத்தெலும்புத் தகடுகளைத் தூண்டுகின்றன. அத்தகடுகள் பெருகப் பெருக எலும்பு நீளுகின்றது. எலும்பு நீளப் பிள்ளை உயருகின்றது. தகடு முற்றி எலும்போடு எலும்பாக இறுகிவிட்டால், அதன்பின் எம்மருந்தாலும் உயரம் கூடாது.

1921-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் ஈவான்ஸ், லாங் என்னும் இருவர் மாட்டின் கபச்சுரப்பிச் சாற்றை எலிகளுக்குச் செலுத்தினர். அவை பேரெலிகளாக வளர்ந்தன. மனிதனுடைய வளர்ச்சி ஹார்மோனைத் தனியே பிரித்தெடுத்தது 1956-இல். பின்னர் இறந்தோரின் சுரப்பிகளிலிருந்து எடுத்த மருந்தை, இந்த ஹார்மோன் சுரவாத குழந்தைகளுக்குச் செலுத்தினர். அம்மருந்தின் வழியே கொடிய மூளைநோய் சிலருக்குத் தொற்றியமை தெரியவந்து, 1985-இல் அது நிறுத்தப்பட்டது. இன்று வழங்குவது நுண்ணுயிர்களின் துணையால் ஆய்வுக்கூடத்திற் செய்யப்படுவது. அத்தொற்றுக்கு இதில் இடமில்லை.

இந்த ஹார்மோன் சுரக்கும் முறையே வியப்பானது. ஓடும் ஆற்றுநீர்போல் அது இடையறாது சுரப்பதன்று. நாஞ்சில் நாட்டு உழவர்க்கு இதனை விளக்குதல் எளிது. 1906-இல் கட்டி முடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணையின் நீர் நம் வயல்களுக்கு முறை வைத்து விடப்படுவதுண்டு. மடை திறந்தால் நீர் வரும், அடைத்தால் நிற்கும். அவ்வாறே மூளையிலிருந்து மடையைத் திறக்கும் கட்டளையாக ஓர் ஹார்மோனும், அடைக்கும் கட்டளையாக மற்றொரு ஹார்மோனும் கபச்சுரப்பிக்கு வருகின்றன. ஆதலால் வளர்ச்சி ஹார்மோன் ஒரு நாளிற் பல தடவை அலை அலையாக எழுந்து அடங்கும். அலைகளுக்கு இடையே குருதியைச் சோதித்தால் அது இருப்பதே தெரியாது. அலைகளுட் பெரியது, உறங்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் வரும் ஆழ்ந்த உறக்கத்தில் எழுகின்றது என்பது 1968-இல் வெளியான ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. பிள்ளைகளை நேரத்தோடு உறங்கச் செய்யும் நம் பழைய வழக்கத்தை, கைப்பேசிக்காகக் கைவிட வேண்டாமென்று தாய்மார்களை வேண்டுகின்றேன்.

பருவம் செய்யும் மாற்றம்

இனிப் பருவத்துக்கு வருவோம். பிறக்கும்போது குழந்தையின் நீளம் சுமார் 50 சென்டிமீட்டர். முதலாண்டில் 25 சென்டிமீட்டர் வளரும். பின்னர் வேகம் குறைந்து, நான்கு வயது முதல் பருவம் தொடங்கும் வரை ஆண்டுக்கு 5 அல்லது 6 சென்டிமீட்டராக நிற்கும். இக்காலத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு மிகச் சிறிது. வளர்ச்சி ஹார்மோனின் சுரப்பிலும் அவ்வாறே. பருவம் தொடங்கியதும் வேகம் பெருகுகின்றது. 1759 முதல் 1777 வரை பிரெஞ்சு நாட்டில் மோன்பெய்யார் என்னும் பிரபு தம் மகனைப் பிறந்தது முதல் பதினெட்டு வயது வரை அளந்து குறித்துவைத்தார். அக்குறிப்பைப் பூபோன் என்னும் இயற்கைநூற் புலவர் வெளியிட்டார். பருவகாலத்தில் வளர்ச்சி பாய்ந்தெழுவதை உலகம் எண்களாற் கண்டது அப்போதுதான். ஒரு தந்தையும் ஓர் அளவுகோலும் செய்த காரியம் இது.

இப்பாய்ச்சலுக்குக் காரணம் யாது? பருவம் தொடங்குங்கால் பெண்ணின் சூலகம் ஈஸ்ட்ரஜன் என்னும் பெண்மை ஹார்மோனையும், ஆணின் விந்தகம் டெஸ்டாஸ்டிரோன் என்னும் ஆண்மை ஹார்மோனையும் சுரக்கின்றன. இவற்றின் தூண்டுதலால் வளர்ச்சி ஹார்மோன் முன்னிருந்ததைப்போல் ஒன்றரை மடங்கு முதல் மூன்று மடங்கு வரை மிகுகின்றது. மடை திறக்கும் தடவைகள் கூடுவதில்லை. ஒவ்வொரு தடவையும் பாயும் நீரே மிகுகின்றது.

ஆண் பெண் வேறுபாடு இங்கேதான் தொடங்குகின்றது. பெண்பிள்ளைக்கு மார்பு அரும்பும் தொடக்க நிலையிலேயே இப்பெருக்கு வந்துவிடுகின்றது. ஆண்பிள்ளைக்கோ பருவம் நடுப்பகுதியைக் கடந்த பின்னரே வருகின்றது. ஆதலின் பெண்ணின் உச்ச வேகம் பெரும்பாலும் பதினொன்றரை, பன்னிரண்டு வயதளவில், ஆண்டுக்கு 8 சென்டிமீட்டர் அளவாகவும், ஆணின் உச்ச வேகம் பதின்மூன்றரை, பதினான்கு வயதளவில், ஆண்டுக்கு 9 அல்லது 10 சென்டிமீட்டர் அளவாகவும் அமைகின்றன. தங்கை அண்ணனை முந்தியதன் மறைபொருள் இதுவே. அவள் மிகையாக வளரவில்லை. அவன் குறைவாகவும் வளரவில்லை. அவளுக்குரிய பருவம் முன்னே வந்தது. அவனுக்குரியது இன்னும் வரவில்லை.

நம் நாட்டில் கன்னிப்பூ என்றும் கும்பப்பூ என்றும் இருபூ நெல் விளைகின்றது. இரண்டும் ஒரே வயலில் விளைவன. காலம் மட்டும் வேறு. கன்னிப்பூ அறுக்கும் நாளில் கும்பப்பூ எங்கே என்று வயலைக் குறைகூறும் உழவன் இல்லை.

மற்றொரு செய்தி கேட்போர்க்கு வியப்பளிக்கும். ஆணின் வளர்ச்சி ஹார்மோனை மிகுவிப்பதும் பெரும்பாலும் பெண்மை ஹார்மோனே. ஆணுடம்பில் டெஸ்டாஸ்டிரோனின் ஒரு பகுதி ஈஸ்ட்ரஜனாக மாறுகின்றது. அம்மாறிய பொருளே கபச்சுரப்பியின் சுரப்பைப் பெரிதும் தூண்டுகின்றது. ஈஸ்ட்ரஜனின் செயலைத் தடுக்கும் மருந்து கொடுக்கப்பெற்ற சிறுவர்களிடத்தில் வளர்ச்சி ஹார்மோன் குறைந்தமை காணப்பட்டது. ஈஸ்ட்ரஜனாக மாறவியலாத வேறோர் ஆண்மைப் பொருளைக் கொடுத்தபோது அது மிகவில்லை. இனி, வளர்ச்சிக்கு முற்றுப்புள்ளி இடுவதும் இந்த ஈஸ்ட்ரஜனே. 1994-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஓர் ஆடவனைப் பற்றி எழுதினர். அவனுக்கு வயது 28. உயரம் 204 சென்டிமீட்டர். பிறவியிலேயே அவனுடம்பு ஈஸ்ட்ரஜனை ஏற்கும் ஆற்றலற்றது. அவன் எலும்புகள் பதினைந்து வயதுச் சிறுவனுடையவைபோல் இன்னும் மூடாமல் வளர்ந்துகொண்டிருந்தன. ஆக்குவதும் அதுவே, அடைப்பதும் அதுவே.

பருவம் முடிந்தபின் ஆண் பெண் சுரப்பு முறை வேறுபட்டே நிற்கின்றது. ஆடவர்க்கு இரவிற் பேரலையும் பகலில் அமைதியும். மகளிர்க்குப் பகலிலும் அலைகள் எழுவதோடு, இடையிலுள்ள அடிநிலையும் சற்று உயர்ந்தே இருக்கும். மகப்பேற்று வயதிலுள்ள பெண்ணுக்கு ஒரு நாளிற் சுரக்கும் மொத்த அளவு அவ்வயது ஆணுக்குச் சுரப்பதினும் குறைந்ததன்று. மிகுதி என்றே கண்டிருக்கின்றனர். அங்ஙனமாயின் ஆண் ஏன் சராசரியாக 13 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கின்றான்? அவனுக்குப் பருவம் இரண்டாண்டு பிந்தி வருதலால், அவ்விரண்டாண்டும் ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் வீதம் அவன் வளர்ந்துவிடுகின்றான். அதன்மேல் அவன் பாய்ச்சலும் சற்றுப் பெரிது. ஆகவே உயரம் என்பது ஹார்மோனின் அளவால் மட்டும் வருவதன்று. அது பெரிதும் காலத்தின் கணக்கு.

பெதும்பைப் பருவமும் சடங்கும்

இனி யான் முதன்மையாகக் கூறவந்த செய்திக்கு வருகின்றேன். தமிழ் நூலோர் பெண்ணின் பருவம் ஏழு என வகுத்தனர். அவற்றுள் பேதை 5 முதல் 7 வரை, பெதும்பை 8 முதல் 11 வரை, மங்கை 12, 13, அதன்மேல் மடந்தை. இன்றைய வளர்ச்சிக் கணக்கை இவ்வகுப்பின்மேல் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். பெண்ணின் வளர்ச்சிப் பாய்ச்சல் தொடங்கிப் பெரும்பகுதி நடைபெறுவது பெதும்பைப் பருவத்தில். பூப்போ பெரும்பாலும் மங்கைப் பருவத்தில். உச்ச வேகம் கடந்து ஏறத்தாழ ஓராண்டு சென்ற பின்னரே முதற்பூப்பு நிகழ்கின்றது. அதற்குப்பின் அவள் வளரக்கூடியது பெரும்பாலும் 5 முதல் 7 சென்டிமீட்டர் மட்டும்.

நம் வீடுகளில் நாம் செய்வது என்ன? பெண் பெரியவளானவுடன் உளுந்தங்கஞ்சியும் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் வருகின்றன. முட்டை உண்ணும் வீட்டில் நாள்தோறும் முட்டை, மாமன் வீட்டுச் சீர்வரிசை, பந்தல், விருந்து. பெண்ணைப் போற்றி ஊட்டவேண்டும் என்னும் முன்னோர் கருத்து நல்லது. குருதி இழப்புத் தொடங்கும் காலத்தில் நல்லுணவு வேண்டும் என்பதும் மெய். ஆனால் உயரத்தையும் எலும்பையும் பொறுத்தவரை அவ்வுணவு பிந்தி வருகின்றது. கதிர் பொதியாய் இருக்கும்போது வயலில் நீர் நிற்கவேண்டும். கதிர் வெளிவந்து மணி முற்றியபின் மடையைத் திறந்து பயன் என்ன? எட்டாம் வயதிலிருந்து பதினொன்றாம் வயது வரை, சின்னப் பெண்தானே என்று அண்ணனுக்கு ஊற்றிய பாலின் மிச்சத்தை ஊற்றிவிட்டு, பதின்மூன்றாம் வயதில் பந்தலிட்டு ஊட்டுவது அத்தகையதே.

எனவே சடங்குக்கு முன்னே ஊட்டுங்கள். இதற்குச் செல்வம் வேண்டுவதில்லை. நம் கோட்டாற்றுச் சந்தையிற் கிடைக்கும் பொருள்களே போதும். உளுந்து, சிறுபயறு, முருங்கைக்கீரை, பால், தயிர், மட்டிப்பழம், நிலக்கடலை. மீன் உண்போர்க்குச் சாளையும் நெத்திலியும். விலையில் எளியவையாகிய இச்சிறுமீன்கள் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் நிறைந்தவை. சடங்கின் ஒருநாட் செலவிற் பாதியை ஒதுக்கினால், பல மாதங்களுக்குப் பாலும் முட்டையும் வாங்கலாம். இக்கணக்கை ஒவ்வொரு தாயும் தன் வீட்டு விலைக்கேற்பப் போட்டுப் பார்க்கட்டும்.

உணவு எவ்வாறு உயரமாகின்றது என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சான்றுண்டு. குன்னூரில் 1918-இல் மக்காரிசன் என்பவர் தொடங்கிய உணவு ஆராய்ச்சிக் கூடம் பின்னர் எய்க்ராய்டு என்பவர் தலைமையில் வளர்ந்தது. 1937-இல் அக்கூடத்தார் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், வழக்கமான உணவோடு வெண்ணெய் நீக்கிய பாலும் பெற்ற சிறார், அது பெறாத சிறாரினும் உயரத்திலும் எடையிலும் மிகுதியாக வளர்ந்தனர். அக்கூடமே 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, பின்னர்த் தேசிய உணவூட்ட நிறுவனம் எனப் பெயர் பூண்டது. அந்நிறுவனத்தார் அவ்வட்டாரச் சிற்றூர்ச் சிறுவர்களை ஐந்து வயது முதற் பல ஆண்டுகள் அளந்து 1980-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஐந்து வயதிலேயே குன்றியிருந்த சிறுவர்க்குப் பருவப் பாய்ச்சல் பிந்தி வந்தது. வந்தபோது மற்றவர்களைப்போலவே வளர்ந்தனர். ஆனால் ஐந்து வயதில் இருந்த குறை பெரும்பாலும் ஈடாகவில்லை. பெதும்பைக்கு முன் பேதை என்பதனையும் நாம் மறத்தல் கூடாது.

குன்றிய பிள்ளைக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைந்திருக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை நேர்மாறு. உணவின்றி மெலிந்த குழந்தையின் குருதியில் வளர்ச்சி ஹார்மோன் மிகுந்தே காணப்படும். ஆனால் உணவில்லாத கல்லீரல் அதன் கட்டளையை ஏற்று இரண்டாவது வளர்ச்சிப் பொருளை உண்டாக்குவதில்லை. மேஸ்திரி நாள் முழுதும் கூவினாலும் செங்கல் இன்றிச் சுவர் எழாது. பசித்த பிள்ளைக்கு ஊசி மருந்து உணவாகாது. தமிழ்நாட்டில் 1956-இல் காமராசர் காலத்து மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்துச் சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் வயிற்றுக்கு மட்டுமன்றி எலும்புக்கும் இடப்பட்ட உரங்களே.

மறுபுறம், மிகை உணவால் உடல் பருத்த பிள்ளைக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைந்து காணப்படும். ஆயினும் மிகுந்த இன்சுலின் முதலியவற்றால் அப்பிள்ளை வளர்ந்துகொண்டுதான் இருக்கும். பருத்த பெண்பிள்ளைக்குப் பருவம் முந்தி வருதலும் உண்டு. ஊட்டுதல் வேறு, பொரித்ததையும் இனிப்பையும் திணித்தல் வேறு.

சோதனையும் பொறுமையும்

வளர்ச்சி ஹார்மோன் உண்மையிலேயே சுரவாத குழந்தைகள் உளர். நாலாயிரம் முதல் பதினாயிரம் குழந்தைகளுள் ஒருவர் என்பது கணக்கு. அவர்களுக்கு அவ்வூசி மருந்து பெரும்பேறு. தக்க வயதில் தொடங்கினால் நல்ல உயரம் பெறுவர். ஆனால் அக்குறையை முடிவுசெய்தல் எளிதன்று. அலை அலையாக வருவதனை ஒரு துளிக் குருதியால் அறிய முடியாது. மருந்து கொடுத்துச் சுரப்பைத் தூண்டிச் சில மணி நேரம் பலமுறை குருதி எடுத்துப் பார்க்கவேண்டும்.

அதிலும் பருவம் குறுக்கிடுகின்றது. பருவம் பிந்தும் சிறுவன், குறையேதும் இல்லாதவனாயினும், சோதனையிற் குறையுள்ளவன்போலத் தோன்றுவான். 1994-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பருவம் எய்தாத நலமுள்ள குழந்தைகளிற் பாதிக்கு மேற்பட்டோர் வழக்கமான சோதனைகளில் தேறவில்லை. சில நாள் ஈஸ்ட்ரஜன் கொடுத்துச் சோதித்தபோது பெரும்பாலோர் தேறினர். சுரப்பி நலமாகத்தான் இருந்தது. பருவத்தின் தூண்டுதல் வராமையால் அடங்கியிருந்தது. இதனாலேயே, பத்து வயது கடந்தும் பருவக்குறி காணாத பெண்ணுக்கும், பதினொன்று கடந்தும் காணாத ஆணுக்கும், சோதனைக்கு முன் பருவ ஹார்மோனைச் சிறிது கொடுத்துப் பார்க்கும் முறையை வல்லுநர் பலர் கையாளுகின்றனர். சோதனை செய்யுமுன் மருத்துவரிடம் இதனைக் கேட்டறிதல் பெற்றோரின் கடமை. பல ஆண்டு, நாள்தோறும் ஊசி, பெருஞ்செலவு ஆகியவற்றுக்குப் பிள்ளையை ஆளாக்குமுன் இவ்வளவு நிதானம் வேண்டாவா?

பிந்தி வளரும் சிறுவனைப் பற்றி ஒரு சொல். அவன் வகுப்பிற் கடைசிக் குள்ளன், மீசை அரும்பவில்லை, தோழர் நகைக்கின்றனர், உறவினர் கலியாண வீட்டில் "என்னடா, இவன் அப்படியே இருக்கிறான்!" என்கின்றனர். அவன் தந்தையையோ தாய்மாமனையோ கேட்டுப் பாருங்கள். "நானும் காலேஜ் போன பிறகுதான் வளர்ந்தேன்" என்று பலர் கூறுவர். இது பெரும்பாலும் குடிவழி வரும் இயல்பு. கையின் எக்ஸ்ரே படத்தால் எலும்பின் வயதை அளந்தால், வருடத்தாற் பதினான்காயினும் எலும்பாற் பன்னிரண்டே என்று தெரியும். வளரும் காலம் அவனுக்கு இன்னும் மீதியுள்ளது. அவனுக்கு வேண்டுவது மாவும் டானிக்கும் அல்ல. இவ்விளக்கமும், நகையாத வீடும்.

முந்திப் பூக்கும் பெண்ணின் நிலை இதற்கு நேர்மாறு. ஏழு வயதில் மார்பு அரும்பி வகுப்பில் யாவரினும் உயர்ந்து நிற்கும் பெண்ணைக் கண்டு பெற்றோர் மகிழ்வர். அந்த உயரம் கடன் வாங்கிய உயரம். ஈஸ்ட்ரஜன் முந்தி வந்தமையால் எலும்பும் முந்தி மூடும். இன்று உயர்ந்தவள் நாளை குட்டையாக நிற்பாள். அதனைத் தடுத்து நிறுத்த மருந்துண்டு. ஆனால் காலத்தே செல்லவேண்டும். "வயதுக்கு வரட்டும், பிறகு பார்ப்போம்" என்று காத்திருப்பது இவ்விடத்திற் பெரும் பிழை.

பெற்றோர் செய்யற்பாலன

நினைவிற் கொள்ளத்தக்க எல்லைகளைச் சொல்கின்றேன். நான்கு வயதுக்கு மேல் பருவம் தொடங்கும்வரை ஆண்டுக்கு 5 சென்டிமீட்டருக்குக் குறைவாக வளர்ந்தால் மருத்துவரைக் காண்க. பெண்ணுக்கு 8 வயதுக்கு முன்போ, ஆணுக்கு 9 வயதுக்கு முன்போ பருவக்குறி தோன்றினாலும் காண்க. பெண்ணுக்கு 13 வயது வரை மார்பு அரும்பாவிடினும், 15 வயது வரை பூப்பு நிகழாவிடினும், ஆணுக்கு 14 வயது வரை பருவக்குறி தோன்றாவிடினும் காண்க. காரணமின்றிக் குட்டையான பெண்பிள்ளைக்குப் பிறவியில் அமைந்த டர்னர் என்னும் நிலை உண்டா என்று சோதித்தல் நன்று. ஓயாத தலைவலியும் பார்வைக் குறையும் வளர்ச்சித் தடையோடு சேர்ந்து வந்தால் ஒருநாளும் தாழ்த்தற்க. கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியின் குறையும், சிறுநீரக நோயும், குடல் நோயும் வளர்ச்சியைத் தடுப்பன. அவற்றைக் கண்டறிந்தால் மருந்துண்டு. ஆசாரிபள்ளத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் ஊருக்கு அருகிலேயே உள்ளது. அங்கே குழந்தை மருத்துவரிடம் முதலிற் காட்டலாம்.

பிள்ளை எவ்வளவு உயரம் எய்தக்கூடும் என்பதற்கு எளிய கணக்கொன்றும் உண்டு. தாய் தந்தை இருவர் உயரத்தையும் கூட்டிப் பாதியாக்குக. ஆணாயின் அதனோடு 6.5 சென்டிமீட்டர் கூட்டுக, பெண்ணாயின் 6.5 கழிக்க. தந்தை 168, தாய் 154 என்றால் பாதி 161; மகன் 167.5, மகள் 154.5 அளவில் நிற்பர். இதற்கு மேலும் கீழும் சில சென்டிமீட்டர் வேறுபடுதல் இயல்பே. ஐந்தரை அடித் தந்தை ஆறடி மகனுக்கு ஆசைப்பட்டு மருந்து வாங்குமுன் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பாராக.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

இறுதியாக, நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் தேர்விற் சிறந்த மாணவ மாணவியர்க்குப் பரிசு வழங்குகின்றோம். அந்நாளில் நம் குடும்பத்துப் பிள்ளைகள் அனைவரும் ஓரிடத்திற் கூடுகின்றனர். சங்கக் கட்டடச் சுவரில் ஓர் அளவுப்பலகை பொருத்துவோம். செருப்பைக் கழற்றி, குதிகாலும் முதுகும் சுவரிற் படிய நிறுத்தி, தலைமேல் மட்டமாகப் பலகை வைத்து ஒவ்வொரு பிள்ளையையும் அளந்து, தேதியோடு சிறு குறிப்பேட்டில் எழுதிப் பெற்றோர் கையிற் கொடுப்போம். ஆணுக்கு வேறு, பெண்ணுக்கு வேறாக இந்தியக் குழந்தை மருத்துவச் சங்கத்தார் 2015-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தையும் அக்குறிப்பேட்டில் ஒட்டிவைக்கலாம். ஒரு நாளைய உயரம் ஒன்றும் சொல்லாது. ஐந்தாண்டு உயரம் எல்லாம் சொல்லும். இரண்டு நூறு ஆண்டுக்கும் முன்னரே ஒரு பிரெஞ்சுத் தந்தை தனியாகச் செய்ததை நாம் கூட்டமாகச் செய்யமுடியாதா?

மகளிர் பகுதியார் மற்றொன்றும் செய்யலாம். எட்டு வயது நிறைந்த ஒவ்வொரு பெண்ணின் வீட்டுக்கும் சென்று, "இவளுக்கு ஊட்டவேண்டிய காலம் இதுவே" என்று தாயிடமும் பாட்டியிடமும் சொல்லட்டும். சொல்பவர் நம் உறவினராயிருந்தால் அச்சொல் ஏறும். சடங்கைக் கைவிடுக என்று யான் கூறவில்லை. அதனை எளிதாக்குக, ஊட்டத்தை முற்படுத்துக என்றே கூறுகின்றேன். ஆணும் பெண்ணும் வெவ்வேறு காலத்தில் வளர்வது இயற்கை வகுத்த நெறி. ஆணுக்கு ஓர் அகப்பையும் பெண்ணுக்கு அரை அகப்பையும் வைத்தது நாம் வகுத்தது. முன்னதை மாற்றவேண்டுவதில்லை, பின்னதை இன்றிரவே மாற்றலாம்.

நம் மக்கள் உடலும் உள்ளமும் ஓங்கி வளர்க!